ஒரே ஆணியில் இரண்டு சாவிகள்

சாவியக்கா யார் பேச்சையும் கேட்கிற ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வருவதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. சின்ன வயதில் அப்பா ஆற்றுப் பக்கம் போகாதே என்றார். போய் நீச்சலே கற்றுக்கொண்டு வந்தாள். அந்த அணைக்கட்டு ஷட்டர்காரனைக் கட்டாதே, எந்நேரமும் இருமிக்கொண்டே இருக்கிறான் என்றார்கள். ஒற்றைக்காலில் நின்று அவனையே கட்டிக்கொண்டாள். இருமல் நிஜம்தான். சில வருஷங்களில் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் வேலையைத் தனக்கே கேட்டாள். பொம்பளைக்கு எதற்கு அணைக்கட்டு வேலை, ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற வேலை தருகிறோம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். "என் புருஷன் ஷட்டர் தூக்கினாரு, துடைப்பம் தூக்கலை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு ஷட்டர் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நயமாகச் சொன்னார்கள், மிரட்டினார்கள், குடையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். மழையிலும் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் வேலையைக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

அந்த அணைக்கட்டு இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்தது. மேல் நாடு சாவியக்காவுடையது. ஆறு அதன் மலைகளிலிருந்துதான் இறங்கி வந்தது. அணையைத் தாண்டினால் கீழ் நாடு. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே மூஞ்சி, ஒரே மாதிரி வீடுகள். கொடி மட்டும் வேறு.

எப்போதோ ஒரு காலத்தில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. எந்தெந்த மாதம் தண்ணீர் விடுவது, எந்தெந்த மாதம் மூடிவைப்பது, ஷட்டரை எவ்வளவு உயரம் தூக்குவது என்று எல்லாம் அதில் இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அதைப் பூட்டாகப் போட்டுவிட்டார்கள். ஷட்டர் ரூம் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி மேல் நாட்டு ஆளிடம், மற்றதன் சாவி கீழ் நாட்டு ஆளிடம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று திறந்தால்தான் உள்ளே போக முடியும், மோட்டாரைப் போட முடியும். கீழ் நாட்டுச் சாவிக்காரர் திறப்பு மாதங்களில் அணைக்கட்டின் மறுகோடியில் இருந்த அறையில் தங்குவார். மூடல் மாதங்கள் வந்தால் தன் சாவியைத் தங்கள் தலைமை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒப்பந்தம் அப்படித்தான் சொன்னது.

சாவியக்கா சேர்ந்த கொஞ்ச நாளில் கீழ் நாட்டிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. எதற்கெடுத்தாலும் பயம், மோட்டார் சத்தம் மாறினால் பயம், அதிகாரி வண்டி வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். திறப்பு மாதங்களில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் மறுகோடியிலிருந்து மழையில் நனைந்துகொண்டு ஓடிவர வேண்டும். வந்து வந்து காய்ச்சலில் விழுந்தார்.

"எதுக்குங்க ரெண்டு பேரும் நனையணும்? ஒருத்தர் நனைஞ்சா பத்தாதா?" என்றாள் சாவியக்கா.

"ரூல்ஸ் அப்படிங்களே அக்கா."

"ரூல்ஸ் போட்டவனுக்குக் காய்ச்சலா வருது? கொண்டாங்க இப்படி."

தன் அறையில், அடுப்புக்கு மேலே, சுவரில் ஓர் ஆணி அடித்தாள். இரண்டு சாவிகளையும் அதில் மாட்டினாள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவது என்று ஆயிற்று. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த ஏற்பாடு, ஒரு டீக்கெட்டிலின் ஆவி படுகிற இடத்தில் வந்து தொங்கியது. தலைமை அலுவலகத்துக்குப் போய்வருவது பெரிய அலைச்சல் என்பதால், மூடல் மாதங்களிலும் அவர் தன் சாவியை அங்கேயே விட்டுப் போனார். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. ஷட்டர்கள் அத்தனை ஒழுங்காக அதற்கு முன்னால் ஏறி இறங்கியதில்லை.

சாவியக்காவுக்கு ஒரு தங்கை. அம்மா போன பிறகு இவள்தான் தூக்கி வளர்த்தாள். தையல் வேலை தெரிந்த பெண், அக்காவுக்கு மேல் வாயாடி. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்தவள், மறுகோடி அறைக்காரர் சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்துவிட்டாள். அப்புறம் எல்லாச் சட்டையிலும் பொத்தான் அறுந்துகொண்டே இருந்தது.

"பொத்தான் தானா அறுந்த மாதிரி தெரியலையே, யாரோ பிளேடு வெச்ச மாதிரில்ல இருக்கு" என்றாள் சாவியக்கா.

அந்த மனிதர் காதுவரை சிவந்துபோனார். எல்லை தாண்டிப் பெண்ணைக் கொடுக்காதே, நாளைக்கு இரண்டு அரசாங்கத்துக்கும் சண்டை வந்தால் பார்க்கக்கூட முடியாது என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் தடுத்தார்கள். சாவியக்கா காதில் போட்டுக்கொண்டால்தானே. கல்யாணத்தை முடித்துவைத்தாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு மாப்பிள்ளை.

மாப்பிள்ளையின் வீடு பள்ளத்தெருவில் இருந்தது. கீழ் நாட்டில் ஆற்றங்கரையை ஒட்டி, அணைக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணுக்கு எட்டும். அணைக்கட்டுப் பாலத்தின் மேல் நின்றால் தங்கை வீட்டு மொட்டைமாடி தெரியும், கொடியில் துணி தெரியும். துணி உலர்ந்தால் தங்கை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒருநாள் கொடி காலியாக இருந்தால் சாவியக்கா உடனே போனைப் போட்டுவிடுவாள்.

"உயிரோடதான் இருக்கேன்க்கா, இன்னிக்குத் துவைக்கலை, அவ்வளவுதான்" என்பாள் தங்கை.

பிறகு வானம் மாற ஆரம்பித்தது. ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், வானம் மட்டும் போடவில்லை. பெய்ய வேண்டிய மாதத்தில் காய்ந்தது. காய வேண்டிய மாதத்தில் மலையில் கொட்டியது. ஒரு வருஷம் திறப்பு நாள் வந்தபோது ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஆடுகள் படுத்திருந்தன. இருந்தாலும் திறப்பு நாள் திறப்பு நாள்தானே! இரண்டு பக்கமிருந்தும் அதிகாரிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். சாவியக்காவும் மாப்பிள்ளையும் தோளோடு தோள் நின்று, அன்றைக்கு மட்டும் ஒழுங்காக, ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். மோட்டார் ஓடியது. ஷட்டர் ஒப்பந்தத்தில் சொன்ன உயரத்துக்கு ஏறியது. அதன் அடிவழியாக ஓர் ஆடு மேல் நாட்டிலிருந்து கீழ் நாட்டுக்குப் போனது. அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"சொன்னபடி விட்டுட்டோம், பாத்துக்குங்க" என்றாள் சாவியக்கா சத்தமாக. மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் வந்தது, வியர்த்தும் போனது.

அந்த வருஷம்தான் நிலைமை கெட்டது. கீழ் நாட்டுப் பத்திரிகைகள் மேல் நாட்டான் தண்ணீரைத் திருடுகிறான் என்று எழுதின. மேல் நாட்டுப் பத்திரிகைகள் நாங்களே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாகிறோம், இவர்களுக்கு என்ன கேடு என்று எழுதின. இரண்டும் பாதி நிஜம், அதனால் இரண்டு பக்கமும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கீழ் நாட்டு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவை, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மேல் நாட்டு ஆளிடம் போனில் சொன்னதற்காக, உளவு சொன்னான் என்று உள்ளே போட்டுவிட்டார்கள். பாவம், அவர் சொன்ன தகவல் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே தெரியும். அதைக் கேட்ட நாளிலிருந்து மாப்பிள்ளை அந்த ஆணிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

"சாவியை எடுத்துட்டுப் போயிடறேன்க்கா."

"எடுத்துட்டுப் போய்? எங்கே வெப்பீங்க? இத்தனை வருஷமா ஏன் ஒப்படைக்கலைன்னு உங்க ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்வீங்க?"

சாவி ஆணியிலேயே இருந்தது.

மாதங்களை மாற்றி எழுத வேண்டும் என்பது இரண்டு நாட்டுக்கும் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் கூட்டுக் குழு ஏதாவது ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் கூடியது. பருவநிலை மாறுகிறது என்று இரண்டு பக்கமும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு என்ன செய்வது என்று யோசிக்க ஒரு துணைக்குழு வைக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அந்த மூடல் மாதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தார். மறுகோடி அறை பூட்டிக் கிடந்தது. விடிந்து எழுந்து பாலத்துக்கு வந்த சாவியக்கா அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் முட்டியளவு கிடந்த தண்ணீர் அணையின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. காப்பிக் கலரில், வேரோடு பிடுங்கின மரங்களைச் சுமந்துகொண்டு, மலைப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

அணை கல்லால் கட்டினது, அதற்கு ஒன்றும் ஆகாது. இடது பக்கம் அணையை மேட்டோடு சேர்க்கிற மண்கரைதான் கவலை. தண்ணீர் அதன் தலைக்குமேல் வழிந்தால் கரை கரைந்துவிடும். கரைந்தால் அத்தனையும் ஒரே பாய்ச்சலாகப் பள்ளத்தெருவின் மேல்தான் விழும். இப்போதே ஷட்டரைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஆறு தாங்கும், பள்ளத்தெருவுக்குள் முழங்கால் அளவு புகும், ஜனங்கள் சட்டி பானையோடு மேட்டுக்குப் போக நேரம் இருக்கும். இது ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை, அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தன் நாட்டுப் பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் அவர். குரலில் தூக்கம் இல்லை, விழித்தே கிடந்தவர். "மலையில மழைன்னு தெரிஞ்சதுமே மேல எழுதிப் போட்டுட்டேன். அவங்க பக்கத்துக் கையெழுத்து வரணும். மூடல் மாசத்துல நாமளா திறந்துவிட்டா, வேணும்னே மூழ்கடிச்சோம்னு சொல்லுவான். அதை வெச்சு ஒப்பந்தத்தையே கிழிச்சுப் போட்டாலும் போட்டுடுவான். உத்தரவு வர்ற வரைக்கும் நீ எதையும் தொடாதே."

"தொடலைங்க" என்றாள் சாவியக்கா. சொல்லும்போதே ஆணியிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்தாயிற்று.

ஷட்டர் ரூம் வாசலுக்குப் போனாள். தன் பூட்டைத் திறந்தாள். அடுத்ததில் மாப்பிள்ளையின் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை, அதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அக்கா, தண்ணி ஏறுதுன்னு இங்க பேசிக்கறாங்க. என் சாவியைத் தொட்டீங்களா?"

"பூட்டுக்குள்ள இருக்கு. திறக்கப் போறேன்."

"ஐயோ, வேண்டாங்கக்கா! எடுத்துடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நான் இல்லாம ரெண்டாவது பூட்டு எப்படித் திறந்துச்சுன்னு கேட்பாங்கல்ல? அந்தக் குமாஸ்தாவை என்ன பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? எங்க ஆபீஸ் பெரியவர்கிட்ட இப்பத்தான் பேசினேன். போ, ஆர்டர் பின்னாடியே வருதுன்னார். நான் கிளம்பிட்டேன். நானே வந்து என் கையால திறக்கறேன். கொஞ்சம் பொறுங்கக்கா."

"வர்ற வரைக்கும் தண்ணி பொறுக்குமா மாப்ள?"

"என்னை உள்ள போட்டுட்டா உங்க தங்கச்சி நடுத்தெருவுல நிப்பா. அவளை நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. பள்ளத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால்கூட நாளைக்கு என்ன பேசுவார்கள்? மேல் நாட்டுக்காரி திறந்துவிட்டாள், அவள் தங்கை நம்ம தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷன்தான் சாவியைக் கொடுத்தவன் என்பார்கள். கல்லால் அடிப்பார்கள். புருஷனும் சிறையில். சாவியக்காவின் கை சாவியின் மேலேயே இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் முடிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் பேச்சைத் தூக்கி எறிந்தவள், அன்றைக்கு ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியின் பேச்சைக் கேட்டாள். சாவியை உருவிக்கொண்டாள். தன் பூட்டையும் மறுபடி பூட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள்.

"என்னக்கா, மாடியில நின்னு பாக்கறேன், ஷட்டர் இன்னும் கீழேயே இருக்கு? தூங்கறியா?"

"நீ முதல்ல மேட்டுக்குப் போடி."

"போறேன், போறேன். ஊர்ப்பட்ட துணி வெட்டிப் போட்டு வெச்சிருக்கேன், அத்தனையும் அடுத்தவங்க துணி. அதையும் மிஷினையும் பரண்ல ஏத்திட்டுப் போறேன். தெருவுல பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. நான்தான் சொன்னேன், ஏன் இப்படி ஓடறீங்க, எங்க அக்கா பாத்துப்பான்னு."

"விளையாடாதே. இப்பவே கிளம்பு."

"அடப் போக்கா, ரெண்டு சாவியும் உன்கிட்டதானே இருக்கு. எனக்கென்ன பயம்?"

சாவியை உருவிவிட்டேன்டி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும், தங்கை துணியாவது மிஷினாவது என்று விழுந்தடித்து ஓடியிருப்பாள். சாவியக்காவுக்கு வாய் வரவில்லை. பயந்துவிட்டேன் என்று தான் வளர்த்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "போயிடு, போயிடு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வந்து என்ன பிரயோசனம்? பாலத்தின் நடுவில் குறுக்கே ஒரு சங்கிலி உண்டு, அதுதான் எல்லை. இந்தப் பக்கம் சாவியக்கா நாட்டுக் காவல்காரர் நின்றார். தினம் சாவியக்காவின் டீயைக் குடிக்கிற மனிதர்தான். அனுமதிச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திறப்பு மாதங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கே."

"தண்ணி கரையைத் தொடுதுங்க. பாருங்க, கண்ணால பாருங்க!"

"எனக்குத் தெரியுது சார். சீட்டுல இல்லையே. நான் கேட்டிருக்கேன். சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

எல்லோரும் பொறுக்கச் சொன்னார்கள். பொறியாளர் பொறுக்கச் சொன்னார், மாப்பிள்ளை பொறுக்கச் சொன்னார், காவல்காரர் பொறுக்கச் சொன்னார். பொறுக்காத ஒரே ஜீவன் ஆறுதான்.

சாவியக்கா சங்கிலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்தாள். இரண்டு சாவிகளும் முந்தானை முடிச்சில் இருந்தன. காவல்காரர் போன் பேசத் திரும்பின நேரம் பார்த்து, "நான் திறந்துடறேன் மாப்ள, என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"அவர் என்னைப் பாத்துட்டார். நான் இங்க நிக்கும்போது என் பூட்டு திறந்தா, நானும் மாட்டுவேன், நீங்களும் மாட்டுவீங்க. என் சாவியைக் குடுத்துடுங்க. விட்டுடுவாங்க, இப்ப விட்டுடுவாங்க, உள்ள வந்து நானே திறந்துடறேன்." அந்த மனிதர் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினார்.

முடிச்சை அவிழ்த்து அவர் சாவியைச் சங்கிலிக்கு மேலே கொடுத்தாள். வாங்கி அவசர அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அந்தப் பொத்தான் தங்கை தைத்தது.

காவல்காரர் திரும்பி வந்தார். "லைன்லயே இருக்கச் சொல்றாங்க" என்றார்.

அவர்கள் மூன்று பேரும் சங்கிலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தபோது இடது கரையின் தலைக்கு மேல் தண்ணீர் மெல்லிசாக வழிய ஆரம்பித்தது. முதலில் யாரோ ஒரு குடத்தைச் சாய்த்த மாதிரிதான் இருந்தது. பிறகு கரையில் ஒரு கீறல் விழுந்தது. பிறகு கரையே இல்லை. பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது. சாவியக்கா மொட்டைமாடியைப் பார்த்தாள். கொடி தெரிந்தது. கொடிக்குப் பக்கத்தில் தங்கை நின்றாள், கையில் ஏதோ துணி மூட்டை. மறுபடி பார்த்தபோது மாடி இல்லை. கொடி, மாடி, தெரு எதுவும் இல்லை. பழுப்புத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

உத்தரவு வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது, இரண்டு நாட்டு முத்திரையோடும், ஷட்டரை உடனே திறக்கலாம் என்று. கூடவே மாப்பிள்ளையை உள்ளே விடலாம் என்று காவல்காரருக்கும் சேதி வந்தது. அதற்குள் அணையில் திறந்துவிட ஒன்றும் மிச்சமில்லை.

மேட்டுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். எங்க அக்கா பார்த்துப்பா என்று தங்கை சொன்னதை நம்பி நின்ற நாலைந்து வீட்டுக்காரர்கள் அவளோடு போனார்கள். தங்கையைக் கண்டெடுக்கவில்லை. தையல் மிஷின் வெகுதூரம் தள்ளி ஒரு வயலில் கிடைத்தது.

விசாரணைக் குழு வந்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் தொப்பி போட்டுக்கொண்டு ஷட்டர் ரூம் வாசலில் நின்று பூட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பூட்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன. சாவி எங்கே என்றார்கள். சாவியக்கா தன்னுடையதைக் காட்டினாள். மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதைக் காட்டினார். மூடல் மாதத்தில் அது அவரிடம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் மீறல் என்று எழுத வேண்டியிருக்கும். பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு அரசாங்கங்களும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன: ஒப்பந்தம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தரப்பிலும் மீறல் இல்லை. பாலத்தின் நடுவில், அதே சங்கிலிக்கு மேலாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். போட்டோக்காரர்களுக்காக இன்னொரு தடவையும் குலுக்கினார்கள்.

கிளம்பும்போது ஒரு பெரியவர் சாவியக்காவிடம் வந்தார். "இவ்வளவு நெருக்கடியிலயும் விதியை மீறாம நின்னிருக்கீங்கம்மா. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோட இருக்கு" என்றார்.

"அது உயிரோட இருக்கு, ஆமாங்க" என்றாள் சாவியக்கா.

அவருக்கு அது உறைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். பொறியாளர் மட்டும் சற்று நேரம் அங்கேயே நின்று, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

கரையைத் திரும்பக் கட்டினார்கள். மாதங்களை மாற்றவில்லை, துணைக்குழு யோசித்துக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பைப் பலப்படுத்துகிறோம் என்று ஷட்டர் ரூம் கதவுக்கு மூன்றாவதாக ஒரு பூட்டுப் போட்டார்கள். அதன் சாவி கூட்டுக் குழுவின் அலுவலகத்தில் இருக்கிறது. அது எந்த ஊரில் என்றுகூட அணைக்கட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. திறப்பு மாதங்கள் தொடங்கும்போது ஓர் அதிகாரி வந்து அதைத் திறந்துவிடுவார், முடிந்ததும் வந்து பூட்டிவிட்டுப் போவார்.

அடுத்த திறப்பு நாளில் மாப்பிள்ளை வந்தார். வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தார்கள், விடவில்லை. போக அவருக்கு வேறு இடம் எது? பள்ளத்தெரு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். சாவியக்காவின் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அடுப்புக்கு மேலே ஆணி அப்படியே இருந்தது, ஒரு சாவியோடு. அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

"அக்கா" என்றார். "நான் பயந்தாங்கொள்ளி. ஊருக்கே தெரியும். அவளே தினம் சொல்லிச் சிரிப்பா. நான் என்னைக்காவது தைரியமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அன்னிக்கும் பயத்துலதான் சொன்னேன்."

சாவியக்கா டம்ளரை வாங்கிக் கழுவினாள்.

"நீங்க யார் பேச்சையும் கேட்க மாட்டீங்களேக்கா. உங்க அப்பா பேச்சைக் கேட்கலை, ஆபீஸ் பேச்சைக் கேட்கலை. நீங்க திறந்துடுவீங்கன்னுதான் நான் பயந்தேன். நீங்க எப்படியும் திறந்துடுவீங்கன்னு அவளும் நம்பினா." கழுத்தில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டார். "என் பேச்சை மட்டும் ஏன்க்கா கேட்டீங்க?"

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். இத்தனை மாதமும் அதைத் தவிர வேறொன்றும் அவள் யோசிக்கவில்லை.

"எனக்கும் பயமா இருந்துச்சு மாப்ள" என்றாள்.

வெளியே அதிகாரி வண்டியின் ஹாரன் கேட்டது. சாவியக்கா ஆணியிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஷட்டர் ரூமுக்குப் போய், பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். அதிகாரி மூன்றாவதைத் திறந்தார். மோட்டார் ஓடியது, ஷட்டர் சொன்ன உயரத்துக்கு ஏறி நின்றது. அந்த வருஷம் தண்ணீர் நன்றாகவே இருந்தது. பாலத்தின் மேல் நின்று அது போவதைப் பார்த்தாள் சாவியக்கா. பழக்க தோஷத்தில் கண் மொட்டைமாடி இருந்த பக்கம் போயிற்று, கொடியில் துணி இருக்கிறதா என்று தேடியது.